கணக்கில் வராத கீறல்

அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளப் பட்டியலில் அது பத்திரமாக இருக்கிறது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் மஞ்சக்கோடு. செருப்பில் மஞ்சள், கால்சட்டை ஓரத்தில் மஞ்சள், நகக்கண்ணில் மஞ்சள். கல்யாண வீட்டுக்கு எவ்வளவு தேய்த்துக் குளித்துவிட்டுப் போனாலும் காது மடலில் ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். "உங்களைக் கூட்டத்துல தொலைக்கவே முடியாதுங்க, நல்ல வசதி" என்பாள் மனைவி.

வேலை இதுதான். தெருவுக்கு அடியில் கேஸ் குழாய் போகிறது. கேபிள் பதிக்கிறேன், சாக்கடை வெட்டுகிறேன், சுவருக்கு அஸ்திவாரம் போடுகிறேன் என்று யார் மண்ணைத் தோண்டினாலும் முதலில் ஒரு நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். மஞ்சக்கோடு தோளில் கருவியை மாட்டிக்கொண்டு வருவார். கருவி கீழே இருக்கும் இரும்பை மோப்பம் பிடித்துக் கீச்கீச்சென்று கத்தும். கத்துகிற இடமெல்லாம் மஞ்சள் பெயிண்டில் ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. கோட்டுப் பக்கம் ஜேசிபி போகக்கூடாது. அங்கே மண்வெட்டியால் பதமாகத்தான் எடுக்க வேண்டும். இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பீர்கள். தோண்டுகிறவனுக்குக் கீழே இருப்பது தெரியாதே ஐயா! அவன் கோட்டை நம்பித்தான் பக்கெட்டை இறக்குகிறான்.

இந்த வேலையே ஒரு காலத்தில் கிடையாது. இஷ்டத்துக்குத் தோண்டினார்கள், உடைத்தார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். பிறகு ஒரு நாள் சலவைக்கடைக்கு முன்னால் உடைத்த குழாய் பற்றிக்கொண்டது. கடையின் முன்பக்கம் மொத்தமும் தெருவுக்கு வந்துவிட்டது. சலவைக்காரர் பிழைத்தார், ஆனால் காது போய்விட்டது. இன்றைக்கும் யாராவது பேசினால் உதட்டைத்தான் பார்க்கிறார். அப்போது நம் ஆள் குழாய் வாரியத்தில் வால்வு மூடுகிறவர். அன்றைக்கு ஓடிப்போய் மூடியவரும் அவர்தான். சட்டை கருகி நடுத்தெருவில் உட்கார்ந்திருந்த சலவைக்காரர், வந்தவர் போனவரையெல்லாம் பார்த்து, "என்ன சொல்றீங்க? என்ன சொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சத்தத்தில் அரசாங்கமும் முழித்துக்கொண்டது. அரசாங்கம் முழிக்க ஒரு சத்தம் வேண்டியிருக்கிறது, என்ன செய்ய? பூமிக்கடியில் செல்லும் குழாய்களைத் தோண்டுவோர் சேதப்படுத்தாமல் தடுக்கும் திட்டத்துக்கான மானியம் என்று, ஒரே மூச்சில் சொன்னால் தலை சுற்றுகிற மாதிரி ஒரு பேரோடு மானியம் வந்து இறங்கியது. கருவி அதில் வாங்கியது. பெயிண்ட் அதில் வாங்கியது. போன் நம்பர், அந்த நம்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் போன்காரப் பெண், "தோண்டும் முன் ஒரு போன்" என்று சுவரெல்லாம் ஒட்டிய சுவரொட்டி, ஜேசிபி ஓட்டுநர்களுக்கு வருஷா வருஷம் பயிற்சி, எல்லாம் மானியம். மஞ்சக்கோட்டின் வேலையும் மானியம்தான். திட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேதம் குறைந்திருக்கிறதா என்று மேலிடத்தில் பார்த்துத்தான் அடுத்த வருஷத்துக்குத் தருவார்கள். தராவிட்டால் பழையபடி வால்வு மூடப் போகலாம் என்றால், அந்த வேலைக்கு இப்போது வேறு ஆள் வந்தாயிற்று.

மேற்பார்வையாளர் நல்ல மனுஷன்தான். வயிற்றுப்புண்காரர், மாத்திரையை மிட்டாய் மாதிரி சப்பிக்கொண்டே பேசுவார். "தம்பி, சேதம் பூஜ்யம்னு போட்டோம்னு வை, மானியம் தானா நடந்து வரும்" என்பார். கூடவே, "படம் நல்லா வரணும். கோடு நேரா, பளிச்சுனு இருக்கணும். மேல இருக்கிறவங்க நம்ம தெருவுக்கா வரப்போறாங்க? படத்தைத்தான் பாப்பாங்க" என்றும் சொல்லுவார். மஞ்சக்கோடும் தலையை ஆட்டிவிட்டு வருவார்.

இனி மச்சினன். மனைவியின் தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு அக்கா வீடுதான் வீடு. ஆளுக்கு மூளை விரலில் இருந்தது; புத்தகத்தைப் பிடித்தால் தூங்கிவிடுவான், லீவரைப் பிடித்தால் ஜேசிபி அவன் சொன்ன பேச்சைக் கேட்கும். அவனை ஓட்டப் பழக அனுப்பியது, லைசென்ஸ் வாங்க வைத்தது, கேபிள் காண்ட்ராக்டரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வேலையில் சேர்த்தது எல்லாம் மஞ்சக்கோடுதான். பையனுக்கு மாமா என்றால் உயிர். காண்ட்ராக்டரிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. குழாயில் கை வைத்தவன் அந்த நிமிஷமே இறங்கிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் ஊரில் எவனும் அவனை நம்பி வண்டி தரமாட்டான்.

மழை விட்ட சமயம், மழலைப் பள்ளித் தெருவில் கேபிள் பள்ளம் வெட்ட வேண்டும் என்று போன் வந்தது. சின்னத் தெரு. ஒரு தையல் கடை, ஒரு மருந்துக்கடை, பள்ளியின் பச்சை கேட், கேட்டை ஒட்டிச் சுவரோரமாக ஒரு செடிப் பாத்தி. மஞ்சக்கோடு ஒரு முனையிலிருந்து கருவியைப் பிடித்துப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். கேட்டுக்கு முன்னால் பள்ளி வேன் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி புள்ளி வைத்தார். வேன் போன பிறகு நடுவில் விட்ட இடத்திலும் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். அதுதான் முறை. பார்க்கத்தான் நினைத்தார். அதற்குள் மேற்பார்வையாளர் போனில் பிடித்துக்கொண்டார்: "தம்பி, மானிய அறிக்கைக்குப் படம் இன்னிக்கே அனுப்பணுமாம். ஒரு நல்ல நீளக் கோடா அனுப்பு." வேன் நகர்ந்தது. இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவில், கருவி இல்லாமல், ஒரே இழுப்பு. நூல் பிடித்தாற்போல என்ன அழகான கோடு! படம் எடுத்து அனுப்பினார். 'பிரமாதம்' என்று பதில்கூட வந்தது.

குழாய் அங்கே நேராகப் போகவில்லை. எந்தக் காலத்திலோ அங்கே ஒரு மரம் நின்றிருக்கிறது, குழாய் பதித்தவர்கள் அதைச் சுற்றி வளைத்துப் போட்டிருக்கிறார்கள். மரம் எப்போதோ போய்விட்டது. வளைவு கீழே அப்படியே கிடந்தது.

மறுநாள் பள்ளி விடுமுறை. ஜேசிபியில் மச்சினன். கோட்டை விட்டு எவ்வளவு தள்ளி எடுக்க வேண்டுமோ அவ்வளவு தள்ளித்தான் எடுத்தான். பக்கெட் பல்லில் என்னவோ கிறீச்சிட்டதும் உடனே நிறுத்திவிட்டான், அந்த விஷயத்தில் கெட்டிக்காரன். கூட இருந்தவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவன் அந்த நம்பருக்குப் போன் செய்யவில்லை, மாமாவுக்குச் செய்தான்.

மஞ்சக்கோடு பள்ளத்தில் இறங்கினார். குழாயின் கறுப்புப் பூச்சு உரிந்து, இரும்பில் ஒரு விரல் நீளத்துக்குப் பளபளவென்று கீறல். சோப்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். குமிழி வரவில்லை. இன்னொரு தரம் ஊற்றினார். வரவில்லை.

"மாமா, நான் கோட்டை விட்டுத் தள்ளித்தான் எடுத்தேன். சத்தியமா மாமா."

"தெரியும்டா."

அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? நிமிர்ந்து பார்த்தார். வேன் நின்ற இடத்தில், நேற்றுப் போட்ட கோடு வெயிலில் பளிச்சென்று இளித்துக்கொண்டிருந்தது.

முறை என்ன என்பதும் தெரியும். அவரே சுவர் சுவராக ஒட்டியதுதான். நம்பருக்குச் சொல்ல வேண்டும், வால்வை மூட வேண்டும், பொறியாளர் வந்து அந்தத் துண்டையே வெட்டி எடுத்துப் புதுசு வைக்க வேண்டும். வைத்தால், யார் தோண்டியது என்று ஒரு கேள்வி வரும், யார் கோடு போட்டது என்று இன்னொரு கேள்வி வரும். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஆட்கள். பூஜ்யம் ஒன்றாகும். மச்சினன் பள்ளத்து மேட்டில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்தார். "கேஸ் வெளிய வந்தாத்தான்டா சேதம். இது வெறும் கீறல். கீறலெல்லாம் கணக்குல வராது" என்றார். ஏதோ சட்டம் படித்தவர் மாதிரி அவ்வளவு தெளிவாக அவர் குரலே அவருக்குக் கேட்டது. "பாத்துக்கோ. இப்படி இழுத்துப் பிடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறுற மாதிரி சுத்தணும். இடைவெளி விடக் கூடாது."

"சரி மாமா" என்று மச்சினன் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டான். மற்றவர்கள் டீ குடித்துத் திரும்புவதற்குள் மண் விழுந்துவிட்டது.

அன்று மத்தியானம் வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை. "உடம்புக்கு என்னங்க?" என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு பல் மருத்துவரின் முன்னறையில் டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்கு. நாளெல்லாம் வலியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற முகங்களைப் பார்ப்பவள். "பல்வலியா?" என்றாள். "ம்ம்" என்றார். இல்லாத பல்வலிக்கு அவள் கொடுத்த மாத்திரையையும் போட்டுக்கொண்டார். எதிரே மச்சினன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான்.

அதிலிருந்து பிடித்தது சனி. எந்தத் தெருவுக்குப் போனாலும் கால் அவரைப் பள்ளித் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தது. கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு, சும்மா போன் பார்க்கிறவர் மாதிரி நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பார். ஒரு வாசனையும் இருக்காது. தையல் கடையின் எண்ணெய் வாசனை, பிள்ளைகளின் பால் வாசனை, அவ்வளவுதான். 'ஒண்ணும் இல்லை' என்று கிளம்புவார். அடுத்த நாள் மறுபடி வந்து நிற்பார். வாசனை பிடிக்கிற கருவி ஒன்று அலுவலகத்தில் இருந்தது, மானியத்தில் வந்ததுதான். எடுத்தால் எதற்கு என்று கேட்பார்களே!

பள்ளிக்குக் காவல் இருந்த அம்மாவைப் பிள்ளைகள் கேட்டம்மா என்று கூப்பிடுவார்கள். வாய்க்காரி. நாலைந்து நாள் பார்த்துவிட்டு நேரே வந்தாள்.

"ஏங்க, எந்தப் பிள்ளைக்கு அப்பா நீங்க? தினமும் வந்து நிக்கிறீங்க, ஒரு பிள்ளையையும் கூட்டிட்டுப் போக மாட்டேங்கிறீங்க?"

"இல்லம்மா... கேஸ் குழாய்... நான் வாரியத்து ஆள்."

"அட, மஞ்சக்கோடா!" அவள் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டு வந்து போட்டாள். "உக்காருங்க. பள்ளம் வெட்டினவனெல்லாம் மூடிட்டா அப்புறம் திரும்பியே பாக்க மாட்டான். நீங்க ஒருத்தர்தான் வந்து வந்து பாக்கிறீங்க. எனக்கு எவ்வளவு தைரியமா இருக்கு தெரியுமா?"

அந்த முக்காலியில் உட்கார்ந்தாரே, அது முள்ளாகக் குத்தியது. அவள் கொடுத்த டீயை மென்று விழுங்கினார், டீயைப் போய் யாராவது மெல்லுவார்களா? அவர் மென்றார். உள்ளே பிள்ளைகள் ஏதோ எண்ணிக்கைப் பாட்டை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தன. 'பாவி, இறங்கித் தோண்டு' என்று மனசு சொன்னது. 'பையன் பிழைப்பு போகும்' என்றும் அதே மனசுதான் சொன்னது.

சில வாரம் கழித்துக் கேட்டம்மா செடிப் பாத்தியைக் காட்டினாள். "இதைப் பாருங்களேன். அந்த ஓரத்துல இருக்கிறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த ஓரம் மட்டும் கருகுது. தண்ணி ஊத்தி ஊத்திப் பாத்துட்டேன். பூச்சியும் இல்ல."

கருகிய ஓரம் வளைவுக்கு நேராக இருந்தது. மண்ணுக்குள் கேஸ் கசிந்தால் முதலில் செடிதான் காட்டிக்கொடுக்கும் என்று போன வருஷப் பயிற்சியில் சொன்னார்கள். முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவர் மஞ்சக்கோடு. "வெயில் ஜாஸ்தி இல்லையாம்மா, அதான்" என்றார். சொல்லிவிட்டு வண்டியை எடுத்தவருக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. அப்படியும் துணிச்சல் வரவில்லையே, அதை என்னவென்று சொல்ல! இரண்டு நாளில் பயிற்சி விழா இருக்கிறது, மானியத்துக்கு மேலிடத்திலிருந்து அதிகாரி வருகிறார், அது முடியட்டும் என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டார்.

விழா சமுதாயக் கூடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஓட்டுநர்கள், ஓரத்தில் காண்ட்ராக்டர்கள், மேடையில் பூங்கொத்து. அதிகாரி ஒரு அம்மா; பருத்திப் புடவை, காலில் மண் படிந்த ஷூ. மேற்பார்வையாளர் மாத்திரையை விழுங்கிவிட்டு மைக்கைப் பிடித்தார். "இந்த வருஷம் எங்க ஊர்ல சேதம் பூஜ்யம்!" என்று அறிவித்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஒரு சேதமும் செய்யாத சிறந்த ஓட்டுநர் என்று கேடயம் ஒன்று. யாருக்கு? நம் மச்சினனுக்குத்தான். அவன் மேடைக்கு நடந்து போனதைப் பார்த்தால் கேடயம் வாங்கப் போகிறவன் மாதிரி இல்லை, வாத்தியாரிடம் அடி வாங்கப் போகிறவன் மாதிரி இருந்தது. இறங்கி வந்து அதை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டான்.

பிறகு அதிகாரியம்மா பேச எழுந்தார். பேச்சு எதையும் எழுதிக்கொண்டு வரவில்லை. பையிலிருந்து வெட்டி எடுத்த குழாய்த் துண்டு ஒன்றை வெளியே எடுத்தார்.

"இது வேற ஒரு ஊர்ல கிடைச்சது. ஊர் பேர் வேண்டாம். தோண்டும்போது ஒரு கீறல் விழுந்திருக்கு. கேஸ்தான் வரலையேன்னு யாரோ டேப்பைச் சுத்தி மண்ணைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. ஆனா கீறல் சும்மா இருக்காதுங்க. மேல வண்டி போக வர, போக வர, அதோட முனையில மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஆரம்பிக்கும். வாசனையை மண்ணே உறிஞ்சிடும். ஒரு வீட்டு வாசல்ல புல்லு கருகுதுன்னு ஒரு அம்மா புகார் குடுத்ததாலதான் இதைக் கண்டுபிடிச்சோம். கையில வாங்கிப் பாருங்க."

துண்டு கைமாறிக் கைமாறி வந்தது. மஞ்சக்கோட்டின் மடிக்கு வந்தபோது அவர் பார்க்கக்கூட இல்லை; விரல் தானாகப் போய்க் கீறலில் படிந்துகொண்டது. அதே நீளம். திரும்பி மச்சினனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"சரி, உங்க ஊர்ல எத்தனை கீறல்?" என்று அதிகாரியம்மா கேட்டார்.

"ஒண்ணுகூட இல்லைங்கம்மா" என்றார் மேற்பார்வையாளர் பெருமையாக.

"கீறலே இல்லாத ஊரை நான் பாத்ததில்லையே சார்." அவர் சிரிக்கவில்லை. "கீறல் விழுந்துச்சுன்னு சொன்னா மானியம் நிக்கும்னு யாரு உங்களுக்குச் சொன்னது? அதைக் கண்டுபிடிச்சு மாத்தத்தானே மானியமே குடுக்கிறோம்! சொல்ற ஊரைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. சொல்லாத ஊரை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

மஞ்சக்கோட்டுக்கு யாரோ பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. யாரும் கேட்காத ஒரு பூஜ்யத்துக்காகவா அந்தப் பிள்ளைகளைக் குழாய் மேல் உட்கார வைத்தோம்? எழுந்தார். குழாய்த் துண்டை நாற்காலியில் வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தார். அங்கே அவரே ஒட்டிய சுவரொட்டி இருந்தது. மேற்பார்வையாளரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். சொன்னால் அவர், 'நாளைக்குப் பாத்துக்கலாம் தம்பி' என்பார். தானும் சரி என்றுவிடுவோம் என்று அவருக்குத் தன்னைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது. நம்பருக்குச் சொன்னால் அது பதிவாகிவிடும், பிறகு யாராலும் அழிக்க முடியாது. சுவரொட்டியில் இருந்த நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார், மனப்பாடமான நம்பர்தான், ஆனாலும் விரலுக்கு வழி தெரியவில்லை.

"வணக்கம், தோண்டும் முன் ஒரு போன். எந்த இடம் தோண்டணும்?"

"நான்தாம்மா."

"அண்ணே!" போன்காரப் பெண் சிரித்தாள். "விழாவுல வேலை இல்லையா, என்னை வம்புக்கு இழுக்கிறீங்க?"

"விளையாடலம்மா. எழுதிக்கோ. மழலைப் பள்ளி வாசல். குழாய்ல கீறல் இருக்கு. கசிவும் இருக்கும்னு நினைக்கிறேன். வால்வை மூடச் சொல்லு, பிள்ளைகளை வெளிய கூட்டிட்டுப் போகச் சொல்லு. கோடு நான் தப்பாப் போட்டது. டேப்பு சுத்தி மறைச்சதும் நான்தான்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

பள்ளித் தெருவில் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் விட்டுக்கொண்டே தெருமுனைக்குப் போனார்கள். அவர்களுக்கு அது கொண்டாட்டம். தையல்காரர் ஓடும் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். வாசனைக் கருவியைச் செடிப் பாத்தியில் வைத்ததுமே அது அலறியது. வாரியத்து ஆட்கள் மண்வெட்டியால் பதமாக எடுத்தார்கள். டேப்பைப் பிரித்தபோது, சோப்புத் தண்ணீரில் கீறலின் முனையில் கடுகு கடுகாகக் குமிழி வந்தது. ஒன்று உடைந்தால் இன்னொன்று. பொறியாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன அறை?" என்று கேட்டார்.

"பிள்ளைங்க மத்தியானம் தூங்குற அறை" என்றாள் கேட்டம்மா. பிறகு மஞ்சக்கோட்டைப் பார்த்தாள். "தினமும் வந்து பாத்தீங்களே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவள் திட்டியிருக்கலாம். வாய்க்காரிதானே, நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவளோ வாசலோரம் கிடந்த முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மனுஷன் அங்கேயே கூனிக் குறுகி நின்றார்.

மேற்பார்வையாளர் மூச்சு வாங்க வந்து, "என்னைக் கொன்னுட்டியே தம்பி" என்றார். அதிகாரியம்மா அவரைத் தாண்டி வந்து, "வண்டியில இருந்தது யாரு?" என்று கேட்டார்.

"என் கோட்டை நம்பித் தோண்டினவன். அவன் மேல தப்பு இல்லைங்க. மூடச் சொன்னது நான்."

"கருவியைக் குடுத்துட்டுப் போங்க. விசாரணை முடியற வரைக்கும் நீங்க கோடு போட வேண்டாம். மத்ததை அப்புறம் பேசலாம்." குரலில் கோபம் இல்லை, அதுவும் கஷ்டமாகத்தான் இருந்தது. தோளிலிருந்து கருவியைக் கழற்றிக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். "என்கிட்ட பல்வலின்னு சொன்னீங்களே! ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து என்னை எப்படி முட்டாளாக்கியிருக்கீங்க! அது நம்ம பிள்ளையா இருந்தா?" திட்டிக்கொண்டே தட்டை வைத்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று மட்டும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மஞ்சக்கோடு குனிந்து சாப்பிட்டார். வேலை போனாலும் போகட்டும், அந்தக் கீறல் வெளியே வந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு சாப்பாட்டில் உப்பு இருப்பது நாக்குக்குத் தெரிந்தது. 'இத்தோடு முடிந்தது' என்று நினைத்துக்கொண்டார்.

மச்சினன் தட்டில் கை வைக்கவில்லை. கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிடுடா. உன் மேல ஒண்ணும் வராது. நான் சொல்லிட்டேன்."

"மாமா." கேடயத்தைக் கீழே வைத்தான். "இன்னும் ரெண்டு இருக்கு."

"என்ன ரெண்டு?"

"கீறல்."

மனைவி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். மஞ்சக்கோட்டின் கையில் இருந்த கவளம் தட்டிலேயே விழுந்தது.

"எப்போடா? ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"அன்னிக்கு நீங்க சாப்பிடவே இல்லையே மாமா. அதுக்கப்புறம் ஒரு நாளும் நீங்க சரியாவே இல்ல. மறுபடியும் உங்களை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்னுதான் நானே..." அவன் கண் கலங்கிவிட்டது. "கேஸ் வரல மாமா. சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்தேன். நீங்க காட்டிக் குடுத்த மாதிரியே, ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறுற மாதிரி, இடைவெளி விடாமத்தான் சுத்தினேன்."

திட்டலாம் என்று வாயைத் திறந்தார் மஞ்சக்கோடு. எதைச் சொல்லித் திட்டுவது? அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருடைய வார்த்தை. டேப்பின் முனையை அவன் கையில் கொடுத்தவர் அவர்தானே! பிள்ளையை ஆளாக்கிவிட்டோம் என்று எத்தனை பேரிடம் பெருமை பேசியிருப்பார். அவன் கற்றுக்கொண்டதில் எதையும் மறக்கவில்லை.

"எந்திரி" என்றார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கையைக் கழுவக்கூட இல்லாமல் போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினார். மச்சினன் பின்னாலேயே வாசலுக்கு வந்தான்.

"வணக்கம், தோண்டும் முன் ஒரு போன்" என்றாள் போன்காரப் பெண். நம்பரைப் பார்த்ததும் அவள் குரல் மாறியது. "சொல்லுங்கண்ணே."

"இன்னும் ரெண்டு இடம்மா. எழுதிக்கோ." திரும்பிப் பார்த்தார். "சொல்லுடா, எங்கே?"

மச்சினன் தெருவைப் பார்த்தான். அந்த மழைக்கு அப்புறம் ஊர் முழுக்கக் கேபிள் பள்ளம் வெட்டியிருந்தான். எல்லாம் மூடி, மேலே தார் போட்டு, தெருவெல்லாம் ஒன்று போலக் கிடந்தது. மஞ்சள் கோடெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டது.

"ஒண்ணு... பெரிய கடைத்தெருப் பக்கம் மாமா. இன்னொண்ணு..." அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். "எங்கேன்னு சரியா ஞாபகம் இல்ல மாமா."

போனில் அவள் மறுபடி கேட்டாள்.

"அண்ணே, எந்த இடம்னு சொல்லுங்கண்ணே."